பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் கையில் என்ன கொடுத்து அனுப்பினீர்கள்?

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த பதில்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா:

மகளுக்கு மே மாதம் நாலு வயது முடிகிறது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். தெருவில் பாதி வீட்டில் கையில் காசு புரளாத நேரம். அந்த நேரத்தில் ரிட்டன் கிஃப்ட் வாங்கக் கடைக்குப் போனால் எனக்கு முதலில் வரும் யோசனை இதுதான்: இன்றைக்கு நான் கொடுப்பதை அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரியும் கொடுத்தாக வேண்டியிருக்கும்.

போன வருஷம் ஒரு வீட்டில் தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, பென்சில் பாக்ஸ் மூன்றையும் ஒரு பையில் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். நல்ல மனசோடு கொடுத்ததுதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அடுத்துப் பிறந்தநாள் வந்த வீட்டில், மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டு ஆட்களோடு கேக் வெட்டி முடித்துவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பையன் மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவன் அம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷத்தில் ஒரு பிள்ளைக்கு 50 ரூபாய்க்கு மேல் போவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

நான் கொடுத்தது ஓலைப்பெட்டி. சாயல்குடிப் பக்கம் ஓலை முடையும் ஒரு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கினேன். குருத்தோலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடைந்தது, நடுவில் ஒரு வரி சிவப்புச் சாயம், ஒரு வரி பச்சை. மூடி இறுக்கமாக இருக்கும், திறக்கும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் திரும்பத் திரும்ப மூடித் திறந்தார்கள். உள்ளே இரண்டு எள்ளுருண்டை, ஒரு துண்டு கருப்பட்டி மிட்டாய், பிள்ளை கைக்குப் பிடிபடும் தடிமனில் நாலு கிரயான். மிட்டாய் வீட்டுக்குப் போகும் முன்பே தீர்ந்திருக்கும். பெட்டி இன்னும் பல வீட்டில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் அதில் பொம்மையைப் படுக்கவைத்து மூடியைத் தலையணையாக வைத்திருக்கிறாள்.

இன்னொன்று, அழைத்த பிள்ளைகளின் கணக்குக்கு மட்டும் வாங்காதீர்கள். அக்காவை அழைத்தால் தம்பி கூடவே வருவான், இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் வரும். வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கு மனசு வரும்? பத்துப் பெட்டியாவது கூடுதலாக வைத்திருங்கள்.

கீழக்கரையிலிருந்து:

எங்கள் பக்கம் வேறு மாதிரி. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், பிறந்தநாள் என்றால் பெட்டி நிறைய சாக்லேட் வந்து இறங்கும். வெயில் காலத்தில் அது பிள்ளை வீடு போய்ச் சேர்வதற்குள் பைக்குள் உருகிச் சட்டையெல்லாம் ஆகிவிடும். எங்கள் உம்மா ஒரு வருஷம் தானே முடிவெடுத்து, சாக்லேட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் தொதல் கிளறினார்கள். தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி போட்டு அடுப்பை விட்டு நகராமல் கிளற வேண்டும், எண்ணெய் பிரிந்து வரும் வரை கை ஓயக் கூடாது. ஆறவைத்துத் துண்டு போட்டு, பட்டர் பேப்பரில் சுற்றிக் கொடுத்தோம். பெரியவர்களும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஆனால் தங்கச்சிமடம் அக்கா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு வேறு கருத்து. எல்லாருக்கும் ஒரே பொருள் என்பது வயது ஒட்டி இருக்கும் பிள்ளைகளுக்குச் சரி. எங்கள் வீட்டுக்கு மூன்று வயதுப் பிள்ளையும் வருகிறது, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையும் வருகிறது. பெரிய பையனிடம் தடித்த கிரயானைக் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். நான் பையை ஒரே மாதிரி வைத்துக்கொள்வேன், உள்ளே இருப்பதை வயசுக்குத் தக்கபடி மாற்றுவேன். சின்னதுகளுக்குப் படப் புத்தகம், பெரியதுகளுக்கு ஒரு நல்ல ஸ்கிப்பிங் கயிறோ மரப் பம்பரமோ. விலையில் வித்தியாசம் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பையைக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிய பிறகு வாசலில் வைத்துக் கொடுப்பது நல்லது. ஒருமுறை கேக் வெட்டியதும் கொடுத்துவிட்டோம். ஒரு பையன் அங்கேயே பிரித்து, "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டான். பிள்ளை கேட்டதில் தப்பே இல்லை, ஆனால் அவன் தாய்க்கு அந்தக் கூட்டத்தில் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் அவனைக் கூப்பிட்டு, "உனக்கு எது பிடிக்கும்னு சொல்லு, அடுத்த வருஷம் கேட்டு வாங்கறேன்" என்றேன். பலூன் என்றான். அவ்வளவுதான் அவன் ஆசை!

மண்டபத்திலிருந்து, அங்கன்வாடி வேலை பார்ப்பவர்:

பலூன் என்று வந்ததால் நான் சொல்லியே ஆக வேண்டும். உடைந்த பலூன் துண்டை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு உண்டு. அது தொண்டைக்குள் போனால் படிந்து மூச்சை அடைத்துவிடும். பலூன் கொடுப்பதானால் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள், உடைந்ததை உடனே பொறுக்கிவிடுங்கள்.

எங்களிடம் வருவது எல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும் வயசு. அதனால் எனக்குக் கண் முதலில் அளவின் மேல்தான் போகும். பொம்மைகளைச் சோதிக்கும் இடத்தில் 31.7 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னக் குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது. உங்கள் வீட்டில் குழாய் வேண்டாம், கண்ணாலேயே தெரியும்: கோலிக்குண்டு, பாசிமணி, குட்டி ரப்பர், எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். முழு நிலக்கடலையும் நாலு வயது வரை வேண்டாம். கடலை மிட்டாயைவிட எள்ளுருண்டை பரவாயில்லை, அதையும் இரண்டு வயதுக்கு உதிர்த்துத்தான் கொடுக்க வேண்டும். தொதலும் இழுவையாக இருக்கும், சின்னதாக நறுக்கிக் கொடுங்கள்.

இரண்டு பொருளைக் கெஞ்சிக் கேட்கிறேன், வாங்கவே வாங்காதீர்கள். ஒன்று, தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் கலர் உருண்டை. விழுங்கினால் குடலுக்குள் போய்ப் பெருத்து அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, விளக்கு எரியும் மோதிரம், வாட்ச் மாதிரி பட்டன் பேட்டரி போட்ட மலிவுச் சாமான். போன வருஷம் நான் போன ஒரு பிறந்தநாளில் அந்த மோதிரம்தான் கொடுத்தார்கள். அடிமூடிக்குத் திருகாணி கிடையாது, விரலால் அழுத்தினாலே கழன்று வந்தது. ஒரு குட்டிப் பையன் கன்னம் உப்பி உட்கார்ந்திருக்க, அவன் பாட்டி விரலை விட்டு எடுத்தார்கள், அந்தப் பேட்டரிதான், வெள்ளியாக மின்னியது. விழுங்கியிருந்தால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். அப்படி விழுங்கியது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

2021 ஜனவரி 1 முதல் கடைப் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். தள்ளுவண்டியில் தொங்கும் பாக்கெட்டில் அது இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ராமேஸ்வரத்திலிருந்து, கடை வைத்திருப்பவர்:

வெளியூரில் இருந்து உறவுக்காரர்கள் பிறந்தநாளுக்கு வரும்போது, "நம்ம ஊர் ஞாபகமா சிப்பியில ஏதாவது கொடுப்போம்" என்று பலர் என்னிடம் வருவார்கள். சோழி ஒட்டிய சின்னப் பெட்டி, சிப்பிப் பொம்மை எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் அது பசையில் நிற்கிற சாமான், ஒரு வாரத்தில் சோழி உதிரும். அங்கன்வாடி அம்மா சொன்ன கணக்குப்படி அது சின்னப் பிள்ளைக்கு ஆகாது. பெரிய பிள்ளைகளுக்கு, ஒட்டு வேலை இல்லாத ஒற்றைச் சிப்பியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பவளத் துண்டு, காய்ந்த கடல்குதிரை யார் காட்டினாலும் தொடாதீர்கள். இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, விற்பதும் வாங்குவதும் குற்றம். நம் கரைக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் 21 தீவைச் சுற்றித் தேசியப் பூங்காவே இருக்கிறது. பிள்ளைக்கு அதைக் கதையாகச் சொல்லலாம், பையில் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

பைக்கும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. மஞ்சப்பையில் சின்ன அளவு கிடைக்கிறது, மொத்தமாக வாங்கினால் விலையும் கட்டும். அந்தப் பை பிறகு ரேஷன் கடைக்கும் போகும்.

பாம்பனிலிருந்து ஒரு அப்பா:

என் மகனுக்கு ரயில் என்றால் உயிர். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. பழைய பாலம் 1914இல் வந்தது, அப்போதெல்லாம் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கையை விரிப்பது போலப் பிரியும். புதுசில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே ஏறும். அதையே பரிசாக்கலாம் என்று தோன்றியது. கல்யாணப் பத்திரிகை அட்டைகளை எடுத்துப் பாலம் மாதிரி வெட்டி, இரண்டு பக்கமும் கோபுரம் வைத்து, நடுத் துண்டில் நூல் கட்டினோம். நூலை இழுத்தால் துண்டு மேலே போகும். கலர் அடிக்காமல் வெள்ளையாகவே விட்டு, கூட மெழுகுக் கலர் பாக்கெட் ஒன்று. வீட்டில் எல்லாரும் ராத்திரி உட்கார்ந்து வெட்டினோம், என் அம்மா உட்பட. செலவு கலருக்கு மட்டும்தான்.

பிறந்தநாள் அன்று பிள்ளைகள் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் காத்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அங்கேயே கலர் அடித்து, ஒருவன் பாலத்தைத் தூக்க, இன்னொருவன் அடியில் கப்பல் ஓட்டினான். பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர்கள் சத்தமே வேறு பக்கம் வரவில்லை. நூலை மட்டும் குட்டையாக விடுங்கள், நீளமாக இருந்தால் கழுத்தில் சுற்றும்.

தங்கச்சிமடம் அம்மா மறுபடியும்:

பாலம் அட்டையை எங்கள் வீட்டிலும் செய்யப் போகிறேன், ஓலைப்பெட்டியோடு அளவும் பொருந்தி வரும் என்று நினைக்கிறேன், மடக்கி வைக்கலாம். கீழக்கரை சொன்னபடி பெரிய பிள்ளைகளுக்குப் பெட்டிக்குள் கிரயானுக்குப் பதில் பம்பரம், இடுப்புக் குழந்தைக்குப் பெட்டி மட்டும், உள்ளே துணிப் பந்து. எள்ளுருண்டையை அம்மாக்கள் கையில் தனியாகக் கொடுத்துவிடுவேன்.

ஓலைப்பெட்டி கேட்டவர்களுக்கு ஒரு விவரம். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். ஓலையை வெட்டி, காயவைத்து, கிழித்து, சாயம் ஏற்றித்தான் முடைய முடியும், ஒரு மாதமாவது முன்னே சொல்லுங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள், முடைகிற கைகளுக்கும் அது பிழைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கினால் ஒருநாள் வெயிலில் காட்டிவிட்டு மிட்டாயை வையுங்கள், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.