பேஸ் அடிச்சா ஆம்ப் ஆஃப் ஆகுது: பேட்டரியா, வயரா, எர்த்தா?

திருமங்கலம்_ஸ்விஃப்ட்

வணக்கம். பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட். 4 சேனல் கிளாஸ் ஏபி ரக ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), சேனலுக்கு 75 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தர்ற பவர்). முன் ரெண்டு சேனல்ல டோர் ஸ்பீக்கர். பின் ரெண்டு சேனலையும் ஒண்ணாச் சேர்த்து (பிரிட்ஜ் பண்ணி) 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்), சிங்கிள் காயில், 4 ஓம்ஸ். கடையில செட்டா வர்ற வயரிங் கிட்ல இருந்த 8 கேஜ் வயர்தான் போட்டிருக்கு (கேஜ் நம்பர் குறைஞ்சா வயர் தடிமன் கூடும்).

பாதி வால்யூம் வரைக்கும் ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல போனா பேஸ் விழும்போதெல்லாம் ஆம்ப் அணைஞ்சு திரும்ப வருது. மதுரை காளவாசல் சிக்னல்ல ஏசியோட நின்னா ரொம்ப மோசம், ரிங் ரோட்ல ஓடும்போது குறையுது. பேட்டரிய மாத்துங்கன்னு ஒரு கடையில, கபாசிட்டர் (கரண்டைக் கொஞ்சம் சேமிச்சு வச்சுத் தர்றது) போடுங்கன்னு இன்னொரு கடையில சொல்றாங்க. எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

மேலூர்_வயரிங்

பேட்டரிக்குக் காசு எடுக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க.

அடிக்கு அடி அணைஞ்சு உடனே வந்தா, அது பெரும்பாலும் வோல்டேஜ் இறங்குறதுதான். சூட்டுனால கட் ஆகுற ஆம்ப் அரை மணி நேரம் நல்லாப் பாடிட்டு நிக்கும், ஆறினாத்தான் வரும். உள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருந்தா ஆம்ப்ல இருக்கிற ப்ரொடெக்ட் (பாதுகாப்பு) லைட் அப்படியே எரிஞ்சுட்டு நிக்கும், ஸ்பீக்கர் வயரைக் கழட்டினாலும் போகாது. உங்க ஆம்ப் ரெண்டு மாதிரியும் பண்ணல.

கணக்கு பாருங்க. முன்னாடி 150, சப்புக்கு 200ன்னு வச்சாலும் மொத்தம் 350 வாட். கிளாஸ் ஏபில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் சத்தமா மாறும், மிச்சம் சூடு. 60 சதவீதம்னு எடுத்தா 350-ஐ 0.6-ஆல வகுத்து, அதை 13 வோல்ட்டால வகுத்தா 45 ஆம்பியர் கிட்ட வரும். ஐடில்ல (வண்டி நின்னு என்ஜின் மட்டும் ஓடும்போது) பேட்டரியை சார்ஜ் பண்ணுற ஆல்டர்நேட்டர் தன் முழுத் திறனைத் தராது. ஏசி ப்ளோவர், ரேடியேட்டர் ஃபேன் வேற இழுக்கும். சித்திரை வெயில்ல ஆல்டர்நேட்டர் சூடானா இன்னும் குறையும். அதனாலதான் சிக்னல்ல மோசம். ஆனா அது மட்டும் காரணம்னா ஓடும்போது முழுசாச் சரியாகியிருக்கணும், குறையுதுன்னு நிக்காது.

50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ணைப் பாட விடுங்க. பாட்டு ஓட விட்டு அளந்தா மீட்டர் முள்ளு மாதிரி ஆடும், நம்பர் கிடைக்காது. ஆம்ப் கட் ஆகுறதுக்குக் கொஞ்சம் கீழ வால்யூம், பத்து செகண்டுக்கு மேல வேணாம், காயில் கருகிரும். என்ஜின் ஓடணும். அப்போ இந்த நாலும் எழுதுங்க:

1. பேட்டரி பிளஸ், மைனஸ் நடுவுல.
2. ஆம்ப் பிளஸ், எர்த் (கார் பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்புற இணைப்பு) டெர்மினல் நடுவுல.
3. பேட்டரி பிளஸ்ல ஒரு ப்ரோப், ஆம்ப் பிளஸ்ல ஒண்ணு. அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். வயர் நீளம் பத்தாது, ஒரு ஒத்தை வயரை முன்னாடி இருந்து இழுத்துக்கங்க.
4. பேட்டரி மைனஸ்ல ஒண்ணு, ஆம்ப் எர்த்ல ஒண்ணு. 0.2-க்கு மேல போகவே கூடாது.

கூடவே ஆம்பை ஆன் பண்ணுற சிக்னல் வர்ற ரிமோட் டெர்மினல்லயும் பாருங்க. ஸ்டீரியோ செட்ல இருந்து வெள்ளைக் கோடு போட்ட நீல வயர்தான் எடுக்கணும். வெறும் நீலம் ஆண்டெனாவுக்கு. சில செட்ல ரேடியோ போட்டாத்தான் அதுல கரண்ட் வரும்.

வைகைக்கரை_பேஸ்

எதுக்கு இவ்வளவு வேலை? 1 ஃபேரட் கபாசிட்டர் போட்டா முடிஞ்சது. லைட் மங்குறதும் நிக்கும்.

மேலூர்_வயரிங்

நிக்காது அண்ணே. 45 ஆம்பியர் இழுத்தா 1 ஃபேரட் கபாசிட்டர் 13-ல இருந்து 11 வோல்ட்டுக்கு இறங்க செகண்ட்ல இருபதுல ஒரு பங்கு கூட ஆகாது. ஒரு பறை அடியோட அதிர்வு அதைவிட நீளம். எர்த் கெட்டிருந்தா அது சார்ஜ் ஆகுறதும் அந்தக் கெட்ட எர்த் வழியாத்தான். கடைக்காரருக்கு லாபம், அவ்வளவுதான்.

சிம்மக்கல்_சவுண்ட்

சப்போட ஓம்ஸையும் ஒரு தடவை பாருங்க. ஆம்ப்ல இருந்து வயரைக் கழட்டி அளந்தா 4 ஓம்ஸ் காயில் 3.2-ல இருந்து 3.8-க்குள்ள காட்டும். 2 கிட்ட காட்டினா, உள்ள டபுள் காயிலை பேரலல் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். பிரிட்ஜ்ல குறைஞ்சது 4 ஓம்ஸ் கேட்கிற ஆம்ப் 2 ஓம்ஸ்ல கிட்டத்தட்ட ரெட்டிப்பு கரண்ட் இழுக்கும்.

திருமங்கலம்_ஸ்விஃப்ட்

அளந்தாச்சு. பேட்டரில 13.2, ஆம்ப்ல 11.0. பிளஸ் பக்கம் 0.7, எர்த் பக்கம் 1.5. ரிமோட் 12.6, ஆடல. சப் 3.4. எர்த் வயரை பின் சீட் போல்ட்டுலதான் மாட்டியிருக்காங்க.

மேலூர்_வயரிங்

0.7-ம் 1.5-ம் கூட்டினா 2.2, விட்டுப்போன வோல்ட் அத்தனையும் கணக்குல வந்திருச்சு. சுமையோட 13.2 நிக்கிறதால பேட்டரி, ஆல்டர்நேட்டரை விட்டிருங்க. குத்தவாளி எர்த்.

உறுதிப்படுத்த ஒரு அளவு: ஆம்ப் எர்த் டெர்மினலுக்கும், போல்ட் பக்கத்துல சுரண்டின தகரத்துக்கும் நடுவுல. 1 வோல்ட்டுக்கு மேல வந்தா அந்த இணைப்புதான். வரலைன்னா முன்னாடி பேட்டரி மைனஸ்ல இருந்து பாடிக்குப் போற ஒரிஜினல் கேபிளைப் பாருங்க, அதோட நுனியில இருக்கிற உலோக வளையத்துல (லக்) பச்சை பூத்திருக்கலாம்.

சீட் போல்ட் எர்த்துக்கு ஆகாது. மரையில பசை, அடியில பெயின்ட். பூட்ல தடிச்ச பாடி உலோகமா ஒரு இடம் பாருங்க. அடியில பெட்ரோல் டேங்கும் பைப்பும் போகுது, துளை போடுறதுக்கு முன்னாடி காருக்குக் கீழ படுத்துப் பார்த்திருங்க. வெள்ளி மினுங்குற வரைக்கும் சுரண்டி, 8 எம்எம் போல்ட், ஸ்டார் வாஷர், அழுத்திப் பிடிச்ச (கிரிம்ப் பண்ணின) லக். இறுக்கின பிறகு மேல பெயின்ட் அடிச்சிருங்க, இல்லாட்டி ஒரு மழைக்காலத்துல துரு ஏறி பழையபடிதான். வயர் ஒன்றரை அடிக்குள்ள.

பிளஸ் பக்கம் 0.7-ம் நல்லதில்ல. கிட்ல வர்றது தாமிரம் பூசின அலுமினியமா இருக்கலாம்; நுனியை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையா தெரியும். அதே தடிமன் தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல தடை. சுத்தத் தாமிரம் 4 கேஜ், பிளஸ்ஸுக்கு 5 மீட்டர், எர்த்துக்கும் அதே வயர்: 45 ஆம்பியர்ல 0.2 வோல்ட் கிட்டதான் போகும்.

4 கேஜ் போடும்போது ஃபியூஸ் பேட்டரில இருந்து ஒன்றரை அடிக்குள்ள, 80 ஆம்பியர் ஏஎன்எல் (போல்ட்டால இறுக்குற பட்டை ஃபியூஸ்). கிட்டோட வர்ற கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் ஹோல்டரைத் தூக்கிப் போடுங்க, பிடி தளர்ந்து அதுவே சூடாகும். என்ஜின் தடுப்புத் தகரத்துல வயர் நுழையுற இடத்துல ரப்பர் கிராமெட் (வளையம்) கட்டாயம். வேலை தொடங்கும்போது பேட்டரி மைனஸைக் கழட்டிட்டுத் தொடங்குங்க.

முதல்ல எர்த் மட்டும் மாத்திட்டு அதே டோன்ல மேல சொன்ன 2-வது, 4-வது அளவைத் திரும்ப எடுங்க. ஆம்ப்ல 12.3 கிட்ட வரணும். வந்தா 4 கேஜை மெதுவா வாங்கிக்கலாம்.