தம்பிக்குச் சிறுநீரகம் தரப்போகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. என் தம்பிக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸில் இருக்கிறான். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. தாகம் தாங்காமல் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பார்க்கவே மனசு கேட்காது.

என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறது. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி உடன்பிறந்தவர்கள் நெருங்கிய உறவு, அதனால் கொடுக்கத் தடையில்லை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு நல்லபடியாக வாழலாம் என்று டாக்டரும் பொறுமையாக விளக்கினார். ஆனாலும் ராத்திரியில் பயம் வந்துவிடுகிறது. "உனக்கும் பிள்ளைங்க இருக்கு, யோசிச்சுக்கோ" என்று சொந்தக்காரர்கள் வேறு. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். தையல்நாயகி கைவிடமாட்டாள். கையெழுத்துப் போட முடிவெடுத்துவிட்டேன்.

தானம் கொடுத்த அக்காமார்களே, அண்ணன்மார்களே, தண்ணீர்க் குடம் தூக்கி வீட்டுவேலை பார்க்க உங்களுக்கு எவ்வளவு நாள் ஆயிற்று? அப்புறம், புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையை அவன் காலம் முழுக்கச் சாப்பிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தொற்று வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? மாத்திரைச் செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். உங்கள் பிரார்த்தனையில் எங்கள் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.