டூம் எஞ்சினைப் புதுப்பிக்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது?

தென்றல்வெளி:
1993-இல் வந்த டூம் என்ற சுடும் கணினி ஆட்டத்தின் எஞ்சின் மூலநிரலிலிருந்து கிளை பிரித்து, நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வரும் பதிப்பில் இரண்டு பெரிய மாற்றங்களைச் செய்ய விரும்புகிறேன். முதலாவது, 320-க்கு 200 என்ற அளவில் சிபியூவை மட்டும் நம்பிப் படம் வரையும் பழைய ரெண்டரரை நீக்கிவிட்டு, காட்சியை முக்கோணங்களாக்கி ஜிபியூவிடம் (படம் வரைவதற்கான தனிச் செயலியிடம்) ஒப்படைக்கும் ரெண்டரரை வைப்பது. இரண்டாவது, பழைய ஒலி அட்டைகளில் இருந்த யமஹாவின் ஓபிஎல் சில்லை எமுலேட் செய்து, அதாவது மென்பொருளாலேயே போலச்செய்து, இசையை ஒலிக்கும் பகுதியை எடுத்துவிட்டு, கருவிகளின் ஒலிப்பதிவுகளைக் கொண்டு இசைக்கும் ஃப்ளூயிட்சிந்த் நூலகத்தையும், அந்த ஒலிப்பதிவுகள் அடங்கிய தரமான ஒரு சவுண்ட்ஃபான்ட் கோப்பையும் சேர்ப்பது.

டூமின் தலைமை நிரலர் ஜான் கார்மாக் இந்த மூலநிரலை 1997 டிசம்பர் 23 அன்று வெளியிட்டார். 1999-இல் அது ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்துக்கு மாறியது. ஆட்டத்தின் தர்க்கம் நொடிக்கு 35 முறை மட்டுமே இயங்குகிறது, ரெண்டரர் அதில் கை வைப்பதில்லை. ஆகவே விசை அழுத்தங்களை மட்டும் பதிவு செய்து வைத்திருக்கும் பழைய டெமோ கோப்புகள் எதுவும் இதனால் பிசகாது. இரண்டு ரெண்டரர்களையும் இரண்டு சின்தசைசர்களையும் ஒருசேரப் பராமரிக்க எங்களுக்கு ஆள்பலம் இல்லை என்பதால்தான் நீக்குவதைப் பற்றிப் பேசுகிறேன். எதிர்க்கருத்து உள்ளவர்கள் காரணத்துடன் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கற்பாறை:
காரணத்துடனே எதிர்க்கிறேன். டெமோ பிசகாது என்பது உண்மைதான், ஆனால் ஆட்டக்காரர் டெமோவை ஆடுவதில்லை. திரையில் தெரிவதைப் பார்த்துத்தான் சுடுகிறார். திரையில் தெரிவது மாறினால் ஆட்டமும் மாறிவிடுகிறது.

அரைகுறையாக மறைந்து வரும் ஸ்பெக்டர் என்ற விலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று தனியாக ஒளிபுகும் படம் எதுவும் கிடையாது. அது நிற்கும் இடத்தில் ஏற்கெனவே வரையப்பட்டிருக்கும் பிக்சல்களை ரெண்டரர் ஒரு வரிசை மேலிருந்தோ ஒரு வரிசை கீழிருந்தோ எடுத்து, நிற அட்டவணைகளுள் ஆறாவது எண்ணுள்ளதன் வழியாகச் சற்று இருட்டாக்கித் திரும்ப எழுதுகிறது. மேலா கீழா என்பதை 50 எண்கள் கொண்ட ஒரு சிறு பட்டியல் தீர்மானிக்கிறது. 200 வரிசைகளே உள்ள திரையில் ஒரு வரிசை என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தடிமன், அதனால் உருவம் கலங்கி நெளிகிறது. அதே கணக்கை 1,080 வரிசைகளில் அப்படியே செய்தால் நெளிவு மெலிந்து மங்கலான நிழலாகிவிடும். முக்கோண ரெண்டரரில் இதையெல்லாம் ஷேடர் (ஜிபியூவில் ஓடும் சிறு நிரல்) எழுதித்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு விலங்கு எவ்வளவு எளிதாகத் தென்படுகிறது என்பது அலங்காரம் சார்ந்த விஷயமா என்று யோசியுங்கள்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. விலங்குகளின் படங்களில் பாதம் தரைமட்டத்துக்குக் கீழே சில பிக்சல்கள் நீண்டிருக்கும். பழைய ரெண்டரர் அதைப் பொருட்படுத்தாமல் தரையின் மேலேயே வரைந்துவிடும்; ஆழ இடையகம் (ஒவ்வொரு பிக்சலின் தொலைவையும் குறித்துவைத்து, பின்னால் உள்ளதை மறைக்கும் நினைவகம்) உள்ள ரெண்டரரோ பாதத்தை வெட்டிவிடும். அடுத்தது, வரைபடம் அமைப்பவர்கள் சுவருக்குப் படம் தராமல் வேண்டுமென்றே விட்டுவிட்டு, பக்கத்துத் தரையின் படம் அந்த இடைவெளியில் வழிந்து நிரப்புவதைப் பயன்படுத்தி ஆழமான நீர்நிலை போன்ற மாயங்களைச் செய்திருக்கிறார்கள். அந்த வரைபடங்கள் எல்லாம் பழைய ரெண்டரரின் குறையையே கருவியாகக் கொண்டவை. ஜிபியூவுக்கு மாறிய கிளைகள் ஒவ்வொன்றும் இவற்றைக் கண்டுபிடித்துச் சமாளிக்கவே தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. ஆள்பலம் இல்லை என்று சொல்லிவிட்டு இந்த வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்களே?

நள்ளிரவு நிரலர்:
பழைய ரெண்டரரை வைத்துக்கொள்ளலாம் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் கற்பாறை சொல்லும் காரணத்துக்காக அல்ல. அது மெதுவானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மெதுவாவதற்குக் காரணம் சிபியூ அல்ல, நினைவகத்தில் எழுதும் திசைதான்.

டூம் சுவர்களை நெட்டுக்குத்தான கோடுகளாக, அதாவது ஒரு நெடுவரிசையை மேலிருந்து கீழாக முடித்துவிட்டு அடுத்த நெடுவரிசைக்குப் போகும் முறையில் வரைகிறது. நினைவகமோ படுக்கை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. 320 பிக்சல் அகலத்தில் முழுத் திரையே 64,000 பைட்டுகள்தாம் என்பதால் அது பெரிய பாதிப்பில்லை. 1,920 பிக்சல் அகலத்தில் அடுத்தடுத்து எழுதும் ஒவ்வொரு பிக்சலும் 64 பைட் கேச் வரி (சிபியூ நினைவகத்திலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் துண்டு) ஒன்றில் தனியாகப் போய் விழுகிறது. ஒரு பைட்டுக்காக ஒரு முழு வரியை இழுத்து வர வேண்டியிருக்கிறது. பிஆர்பூம் கிளை இதற்காகவே நான்கு நெடுவரிசைகளைத் தற்காலிக இடத்தில் சேர்த்து வைத்து ஒன்றாக எழுதியது. அதைவிட எளிய வழி, திரை நினைவகத்தையே பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு, சட்டகம் முடிந்ததும் சுழற்றிக் காட்டுவது. அந்தச் சுழற்றலை ஜிபியூவே செலவில்லாமல் செய்துவிடும். தரை மட்டும் அப்போது எதிர்த்திசையில் எழுதப்படும், அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

ஆப்பிள் நிறுவனம் 2018-இல், ஜிபியூவிடம் பேசுவதற்கான ஏபிஐயான (நிரல் இடைமுகமான) ஓபன்ஜிஎல்லைக் காலாவதியானதாக அறிவித்ததையும் நினைவில் கொள்ளுங்கள். ஜிபியூ ரெண்டரர் எழுதுபவர் எந்த ஏபிஐயைத் தேர்ந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி எழுத வேண்டும். பைட்டுகளை நிரப்பி, அவற்றைத் திரையில் காட்டும் எஸ்டிஎல் நூலகத்திடம் நீட்டும் ரெண்டரருக்கு அந்தத் தொல்லை இல்லை.

தென்றல்வெளி:
வேகத்தைப் பற்றிய பதிலை ஏற்கிறேன். எனினும் எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை வேகத்தைப் பற்றியவை அல்ல. தலையை உயர்த்திப் பார்க்கும்போது சுவர்கள் சாய்கோணத்தில் இழுபட்டுத் தெரிகின்றன என்பதுதான் முதல் புகார். பழைய முறையில் கேமரா உண்மையில் மேல்நோக்கித் திரும்புவதில்லை, படத்தைச் செங்குத்தாக நகர்த்துகிறோம், அவ்வளவே. இரண்டாவது, ஒளி படிப்படியாகக் குறையாமல் பட்டை பட்டையாகக் குறைகிறது என்பது. 32 ஒளிப்படிகளும் 256 நிறங்களும் மட்டும் இருந்தால் வேறெப்படிக் குறையும்? இவ்விரண்டையும் பழைய ரெண்டரருக்குள் சரி செய்ய முடியாது.

கற்பாறை:
சரி செய்ய வேண்டியவை என்று யார் முடிவு செய்தது? 1993-இல் அந்த ஆட்டத்தில் மேலே பார்க்கும் வசதியே இல்லை. இல்லாத வசதியைச் சேர்த்துவிட்டு, அது அழகாக இல்லை என்று ரெண்டரர் மீது பழி போடுவது முறையன்று. ஒளிப்பட்டைகளைப் பொறுத்தவரை, ஓவியர்கள் அந்த 256 நிறங்களுக்குள்தான் ஒவ்வொரு படத்தையும் தீட்டினார்கள், அந்தத் திரையில்தான் பார்த்துத் திருத்தினார்கள். இருட்டில் பச்சை பழுப்பாக மாறுவதுகூட அட்டவணையில் அருகில் வேறு நிறம் இல்லாததால் விளைந்தது, அதைப் பார்த்த பின்பே அந்தப் படம் ஆட்டத்தில் இடம்பெற்றது.

ஓசைநயம்:
இசைப் பகுதியை யாரும் தொடாததால் நான் எழுதுகிறேன். கற்பாறை இப்போது சொன்ன அளவுகோலை, அதாவது படைத்தவர் எதைப் பார்த்துத் திருத்தினாரோ அதுவே மூலம் என்பதை, இசைக்குப் பொருத்திப் பாருங்கள். விடை தலைகீழாக வருகிறது.

இசையமைப்பாளர் பாபி பிரின்ஸ் மெட்டுகளை அமைத்தது ரோலண்டின் எஸ்சி-55 கருவியைக் கொண்டு. உண்மையான இசைக்கருவிகளின் ஒலிப்பதிவுகளை உள்ளே வைத்திருந்த, 1991-இல் வந்த பெட்டி அது. விலை அதிகம் என்பதால் வீடுகளில் பெரும்பாலோர் கேட்டது சவுண்ட் பிளாஸ்டர் வகை அட்டையிலிருந்த ஓபிஎல் சில்லை. அதில் ஒலிப்பதிவு எதுவும் இல்லை. ஓர் அலை மற்றோர் அலையை அசைத்து அதிலிருந்து ஒரு நாதத்தை உண்டாக்கும் எஃப்எம் முறை. இசையைச் சுரக் கட்டளைகளாகச் சேமிக்கும் மிடி முறையின் 128 கருவிகளுக்கும் 47 தாள ஒலிகளுக்கும் சேர்த்து 175 எஃப்எம் அமைப்புகள் ஜென்மிடி என்ற பெயரில் ஆட்டத்தின் வரைபடம், படம், ஒலி எல்லாம் அடங்கிய வாட் கோப்புக்குள் வைக்கப்பட்டன. அதாவது ஓபிஎல் இசை என்பது ஒரு மொழிபெயர்ப்பு, மூலம் அல்ல.

அந்த மொழிபெயர்ப்பிலும் பாதி தொலைந்துபோகும். ஓபிஎல்2 சில்லில் ஒரே சமயத்தில் ஒன்பது குரல்கள்தாம். ஜென்மிடியில் சில கருவிகள் செறிவுக்காக இரண்டு குரல்களை எடுத்துக்கொள்ளும். கிதார், பேஸ், தாளம் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் குரல்கள் தீர்ந்துவிட, எதைப் பறிப்பது என்ற கேள்வி வரும். முதலில் இரட்டைக் குரல் கருவிகளின் இரண்டாம் குரல் பறிபோகும், அதற்குப் பிறகு எண்ணில் பின்னால் உள்ள மிடி சேனலின் சுரம் பறிபோகும். கணினியில் பதினெட்டுக் குரல் கொண்ட ஓபிஎல்3 இருந்தாலும், டிஎம்எக்ஸ்ஆப்ஷன் என்ற சூழல் மாறியை ஆட்டக்காரரே எழுதி வைத்தாலொழிய அன்றைய டூம் அதை ஓபிஎல்2 ஆகத்தான் நடத்தியது. இதைப் பாதுகாக்க வேண்டிய மரபு என்பதா, பட்ஜெட் பற்றாக்குறை என்பதா? ஃப்ளூயிட்சிந்த் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

கற்பாறை:
படத்துக்கும் இசைக்கும் நான் இரண்டு அளவுகோல் வைக்கவில்லை. ஜென்மிடி ஆட்டத்தின் கோப்பிலேயே இருக்கிறது; அதை வெளியிட்டவர்களே இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். சவுண்ட்ஃபான்டை இணைத்தவர் யார்? வேறு ஒருவர் வேறு காரணத்துக்காகப் பிற்காலத்தில் தொகுத்த ஒலிகளின் மூட்டை அது. ஃப்ளூயிட்சிந்த் தானாகச் சேர்க்கும் எதிரொலியோடு அதைக் கேட்டால் எஸ்சி-55 கேட்காது, மூன்றாவதாக ஏதோ ஒன்று கேட்கும். நீங்கள் மொழிபெயர்ப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு மொழிபெயர்ப்பைக் கையில் கொடுக்கிறீர்கள், அதுவும் மூலநூலை எழுதியவர்களின் மேற்பார்வை இல்லாத ஒன்றை.

தனி நபர்கள் செய்த வாட் கோப்புகளிலும் பலர் தம் விருப்பப்படி ஜென்மிடியை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஓபிஎல் பகுதியை எடுத்துவிட்டால் அந்த உழைப்பு ஒலிக்கவே ஒலிக்காது.

ஓசைநயம்:
எதிரொலியை அணைத்துவிடலாம், அது ஒரு வரி அமைப்பு. சவுண்ட்ஃபான்டின் தேர்வைப் பற்றிய உங்கள் குறை நியாயமானது, ஆனால் அது தேர்வைப் பற்றிய குறை, முறையைப் பற்றியது அல்ல. டிம்பானி ஒலிக்க வேண்டிய இடத்தில் எந்தச் சவுண்ட்ஃபான்டிலும் டிம்பானிதான் ஒலிக்கும். எஃப்எம் சில்லில் அது தகரத்தைத் தட்டிய ஓசையாகத்தான் வரும். சிறுவயதில் பழகிய காது அந்தத் தகரத்தை விரும்புகிறது என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அது பிடிக்கும். இன்று முதன்முதலாக ஆட வரும் ஒருவருக்கு அதை முன்னிருப்பாகத் திணிக்க அது போதுமான காரணம் அல்ல என்பதே என் வாதம்.

வாய்க்கால்:
உரிமத்தைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். எஸ்சி-55-ஐயே எமுலேட் செய்யும் நிரல் வந்துவிட்டதே, அதைச் சேர்க்கலாமே என்று அடுத்து ஒருவர் கேட்பார். அதற்கு ரோலண்டின் காப்புரிமை உள்ள ரோம் கோப்புகள் (கருவியின் உள்நினைவகப் பிரதிகள்) தேவை. அவற்றை நாம் வழங்க முடியாது. அந்த எமுலேட்டரின் உரிமமும் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதால் ஜிபிஎல் நிரலோடு இணையாது. மாறாக ஓபிஎல்3 எமுலேட்டர் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது, எந்த ரோமும் கேட்பதில்லை.

இந்த எஞ்சின் இதே பள்ளத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. டாஸ் பதிப்பின் மூலநிரலை வெளியிட முடியாமல் லினக்ஸ் பதிப்பை வெளியிட்டதற்குக் காரணமே வேறொருவரின் காப்புரிமையில் இருந்த டிஎம்எக்ஸ் ஒலி நூலகம்தான். அந்த நூலகம் செய்ததை வெளியிலிருந்து கேட்டும் அளந்தும் திரும்ப எழுதுவதற்குச் சாக்லேட் டூம் போன்ற கிளைகள் எவ்வளவு உழைத்தன என்பது ஓபிஎல் நிரலைப் படித்தவர்களுக்குத் தெரியும். அதை அழித்துவிட்டுப் போவது எனக்கு உவப்பாக இல்லை.

நள்ளிரவு நிரலர்:
அளவையும் பாருங்கள். ஃப்ளூயிட்ஆர்3 சவுண்ட்ஃபான்ட் ஏறத்தாழ 140 மெகாபைட். டிம்ஜிஎம் 6 மெகாபைட்டுக்குள் அடங்கும், தரமும் அதற்கேற்பவே இருக்கும். ஓபிஎல் எமுலேட்டர் என்பது ஒரு சி கோப்பு. நிறுவல் தொகுப்பில் எஞ்சினைவிட வயலின் பல மடங்கு பெரிதாக இருப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகத்தான் படுகிறது.

தென்றல்வெளி:
அனைவருக்கும் நன்றி. இப்போதைக்கு நான் செய்யவிருப்பதை எழுதுகிறேன். பழைய ரெண்டரரை நீக்கும் புல் ரெக்வஸ்ட்டை (மாற்றத்தை இணைக்கக் கோரும் விண்ணப்பத்தை)த் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக நினைவகத்தைத் திருப்பி வைக்கும் மாற்றத்தை நள்ளிரவு நிரலர் அனுப்பினால் முதலில் அதை இணைப்போம். ஜிபியூ ரெண்டரர் தனிக் கிளையில் தொடரும். சட்டகங்களுக்கு இடையே அசைவை நிரப்பும் வசதி இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். அதனால் படம் அதிகபட்சம் ஒரு டிக் (தர்க்கம் இயங்கும் அந்த 35 முறைகளுள் ஒன்று), அதாவது 28 மில்லிநொடிக்குச் சற்று மேல் பின்தங்கும் என்பதால், மவுஸ் திரும்பலை மட்டும் காத்திருக்க வைக்காமல் உடனே காட்டுவோம்.

இசையில் ஓபிஎல் எமுலேட்டர் இருக்கும், ஃப்ளூயிட்சிந்த்தும் இருக்கும். வாட் கோப்பு தனக்கென ஜென்மிடி வைத்திருந்தால் ஓபிஎல், இல்லையென்றால் ஆட்டக்காரரின் கணினியில் சவுண்ட்ஃபான்ட் இருக்கிறதா என்று தேடி ஃப்ளூயிட்சிந்த் என்பதே என் பரிந்துரை. தொகுப்பில் எந்தச் சவுண்ட்ஃபான்டையும் சேர்க்க மாட்டோம்.

ஓசைநயம்:
மூல ஆட்டத்தின் வாட் கோப்பிலேயே ஜென்மிடி இருக்கிறது, டூமுக்கு மாற்றான இலவச வாட் கோப்பான ஃப்ரீடூமிலும் இருக்கிறது. உங்கள் விதிப்படி எப்போதும் ஓபிஎல்தான் ஒலிக்கும். அடிப்படை வாட் கோப்பைக் கணக்கில் கொள்ளாமல், மேலே ஏற்றப்படும் கோப்பு ஜென்மிடியை மாற்றினால் மட்டும் ஓபிஎல் என்று திருத்துங்கள்.

கற்பாறை:
அந்தத் திருத்தத்தை எதிர்க்கிறேன், ஏனெனில் அதன்படி மூல ஆட்டத்தை அப்படியே ஆட வருபவருக்கு மட்டும் அதன் கோப்பிலுள்ள ஒலி கிடைக்காது. அது தனியாக வாக்கெடுப்புக்குப் போகட்டும். ஜிபியூ கிளையைப் பொறுத்தவரை, ஸ்பெக்டர் ஒரே இடத்தில் நிற்கும் காட்சியை 200, 400, 1,080 வரிசைகளில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மூன்றிலும் நெளிவின் தடிமன் ஒன்றாக இருந்தால் அதை முதன்மைக் கிளையோடு இணைக்க என் வாக்கும் உண்டு.