1000 லிட்டர் டேங்க் 3 மணிக்கே காலி: தண்ணீர் எங்கே போகுது?

அஸ்தம்பட்டி ஆபீஸ்:
வணக்கம். சேலத்தில் 15 பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். மாடியில் 1000 லிட்டர் டேங்க், போர் தண்ணீர். 2 வெஸ்டர்ன் டாய்லெட், 3 வாஷ்பேசின், ஒரு ஆர்.ஓ. குழாய் எதுவும் சொட்டவில்லை. ஏரேட்டர் (குழாய் வாயில் காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைக்கும் வலை) போட்டால் போதுமா?

பைப்லைன்:
வாங்குவதற்கு முன் அளந்து பாருங்க. ஆபீசுக்கு ஆளுக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தரக் கணக்கு. 15 பேருக்கு 675 போதும். மிச்சம் எங்கோ கசியுது.

சாயங்காலம் மோட்டாரை நிறுத்தி, ஆர்.ஓ.வையும் அணைச்சிட்டு டேங்கில் குச்சி விட்டு மட்டத்தைக் குறிங்க. காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்க. டேங்க் விட்டம் 1.1 மீட்டர் என்றால் ஒரு செ.மீ. இறங்கினால் 9.5 லிட்டர் போச்சு. மறுநாள் ராத்திரி டாய்லெட் ஆங்கிள் காக் (ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் சின்ன வால்வு) இரண்டையும் மூடி அதையே செய்யுங்க. அப்பவும் இறங்கினால் பைப்பில் கசிவு. இறங்கலைன்னா ஃப்ளஷ் டேங்க்தான்.

எந்த டாய்லெட் என்று தெரிய, ஃப்ளஷ் டேங்கில் பத்துச் சொட்டு சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் தொடாமல் விடுங்க. கோப்பையில் நீலம் தெரிந்தால் ஒன்று அடி வாஷர் போச்சு, இல்லைன்னா மிதவை ஏறி ஓவர்ஃப்ளோ குழாய் வழியா சத்தமில்லாமல் வழியுது. தண்ணீர் மட்டம் அந்தக் குழாய் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்கணும்.

ஏரேட்டர் வாஷ்பேசினுக்கு நல்லது, நிமிஷத்துக்கு 3 லிட்டர் வகை போதும். பக்கெட் பிடிக்கும் குழாயில் போட்டால் நேரம்தான் வீண். போர் மணல் வலையை அடைக்கும், மாசம் ஒரு தடவை கழற்றிக் கழுவுங்க.

செவ்வாய்ப்பேட்டை:
ஆர்.ஓ.வை மறந்துடாதீங்க. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு 2, 3 லிட்டர் வெளியே தள்ளும். அதை ஒரு கேனில் பிடிச்சா தரை துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற ஆகும். கேன் மெஷினுக்குக் கீழே இருக்கணும்; மேலே வச்சா தண்ணி எதிர்த்து அழுத்தும். உப்பு ஏறிய அந்தத் தண்ணியைத் தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம். மேட்டூர் தண்ணி வரும் இணைப்பு இருந்தால் டி.டி.எஸ். (தண்ணியில் கரைஞ்ச உப்பின் அளவு) பாருங்க, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையே இல்லை, யு.வி. (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் மெஷின்) போதும்.

ஏற்காடு:
மலையில் இன்னொரு தொல்லை. மேட்டு டேங்கிலிருந்து 30 மீட்டர் இறக்கத்தில் வீடு என்றால் 3 பார் அழுத்தம். மிதவை வால்வு சீக்கிரமே விட்டுக்கொடுக்கும். வீட்டு மாடியில் மிதவையோடு ஒரு சின்ன டேங்க் வச்சு அழுத்தத்தை உடைச்சுடுங்க.

அஸ்தம்பட்டி ஆபீஸ்:
ரொம்ப நன்றிங்க. ராத்திரியில் 30 செ.மீ. இறங்குது, நீலம் ஒரு டாய்லெட்டில் தெரியுது. ஓவர்ஃப்ளோ இல்லை. வாஷர் மட்டும் மாற்றலாமா, முழு செட்டா?

பைப்லைன்:
அப்போ ராத்திரிக்கே 285 லிட்டர்! வாஷர் மட்டும் போதும். ஆங்கிள் காக்கை மூடி ஃப்ளஷ் பண்ணி, நடு வால்வைக் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் கழன்று வரும். வாஷர் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பழசைக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. வாஷர் உட்காரும் வளையத்தில் வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும். வினிகர் நனைச்ச துணியை ஒரு மணி நேரம் வச்சுத் துடைங்க. அதை விட்டுட்டுப் புது வாஷர் போட்டாலும் கசியும். ஆசிட் ஊற்றாதீங்க, ரப்பர் கெட்டுடும். செங்கல் போட்டுத் தண்ணியைக் குறைக்கச் சொல்வாங்க, கேட்காதீங்க. அது கரைஞ்சு தூள் வாஷருக்கு அடியில் போய் உட்காரும். மாட்டினதும் மறுபடி சொட்டு நீலம் விட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க.