சர்வரில் ரேம் காலியாகிறதா? நடந்ததைச் சொல்லுங்கள்

ராணிப்பேட்டைக்காரன்:
ஒரு தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவு சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு லினக்ஸ், 16 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். நான் போன புதிதில் அங்கிருந்த அக்கா ஒரே புலம்பல்: "மணிக்கு மணி இது தூங்கிடுது தம்பி." சொன்னது நிஜம்தான். மணி அடித்தாற்போல எல்லார் திரையும் நின்று நின்று ஓடும், அப்புறம் சரியாகிவிடும்.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான கிரான்டேபைத் திறந்து பார்த்தால் விஷயம் புரிந்தது. முன்பு இருந்தவர் கேஷைக் காலி செய்யும் 'ட்ராப் கேஷஸ்' கட்டளையை மணிக்கொரு முறை ஓட விட்டிருக்கிறார். ஃப்ரீ மெமரி 300 எம்பிக்கு இறங்கினால் மேனேஜர் திட்டுவாராம்.

லினக்ஸ் டிஸ்கிலிருந்து படிப்பதை 4 கேபி பக்கங்களாக ரேமில் வைத்துக்கொள்ளும். அதுதான் கேஷ். சும்மா கிடக்கும் ரேமைத்தான் இதற்கு எடுக்கும். வேறு ப்ரோக்ராமுக்கு இடம் வேண்டுமென்றால், டிஸ்கில் உள்ளபடியே இருக்கும் பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இடத்தைக் கொடுத்துவிடும். அதனால் பார்க்க வேண்டியது 'ஃப்ரீ' இல்லை, 'அவைலபிள்', அதாவது கேட்டால் கிடைக்கக்கூடிய ரேம். அந்தக் கணக்கை லினக்ஸின் மையமான கர்னலே சொல்வது 2014-ல் வந்த 3.14 பதிப்பிலிருந்துதான்.

மேனேஜருக்கு வாயால் சொன்னால் ஏறவில்லை. பெரிய லெட்ஜர் ஃபைல் ஒன்றை அவர் எதிரிலேயே படிக்கவிட்டேன். டிஸ்கின் சிவப்பு விளக்கு விடாமல் துடித்தது. உடனே இன்னொரு முறை படிக்கவிட்டேன். விளக்கு அசையவே இல்லை, ஃபைல் வந்துவிட்டது. கேஷைக் காலி செய்துவிட்டுக் காட்டினேன், மறுபடி துடிப்பு. மணிக்கு மணி நடந்ததும் இதுதான். "அந்த வரியை எடுத்துடுங்க" என்றார். புது ரேமுக்குப் போட்டிருந்த கொட்டேஷனும் அதோடு போயிற்று.

சத்துவாச்சாரி ஸ்டூடியோ:
அண்ணே, உங்களுக்குப் படிப்பதில் வந்தது, எங்களுக்கு எழுதுவதில். கல்யாண ஹைலைட்ஸ், ஒரு ஜிபி கூட இருக்காது. பென் டிரைவில் போட்டோம், சில நொடியில் நூறு சதவீதம். பெண் வீட்டார் காட்பாடியில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஊருக்குப் போய்ப் போட்டால் படம் பாதியில் நிற்கிறதாம்.

காப்பி ஆனது ரேமுக்கு மட்டும்தான். டிஸ்குக்குப் போகாத பக்கங்கள் 'டர்ட்டி'. வழக்கமான செட்டிங்கில் அவை 30 நொடி பழசானால்தான் கர்னல் எழுதக் கிளம்பும். இல்லையென்றால் கிடைக்கும் மெமரியில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். எங்கள் மெஷினில் 16 ஜிபி, ஒரு ஜிபி ஃபைல் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ரேம் கூடக் கூட இந்த ஏமாற்றமும் கூடும்! விண்டோஸ் 10-ல் 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவுக்கு இப்படித் தள்ளிப்போடுவதை நிறுத்திவிட்டார்கள். எங்களுடையது லினக்ஸ் மின்ட். இப்போது மிச்சத்தை உடனே எழுதச் சொல்லும் 'சிங்க்' கட்டளையை அடித்து, அது முடிந்து ப்ராம்ப்ட் திரும்பி வந்த பிறகுதான் கையில் கொடுக்கிறோம். திட்டினாலும் சரி.

குடியாத்தம்:
கரண்ட் போனால் கதி என்ன என்று கேட்பவர்களுக்கு: போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவை உறுதி செய்யும் ஒவ்வொரு முறையும்) 'எஃப்சிங்க்' கேட்டு, டிஸ்கில் ஏறியதா என்று காத்திருக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்குக்குள்ளேயே தனியாக ஒரு கேஷ் உண்டு. மலிவான சில டிஸ்க்குகள் அதில் விழுந்ததுமே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். சர்வருக்கு யுபிஎஸ் வேண்டாம் என்று சொல்லும் முதலாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.