பல்லுயிர் ஈடா, ஈட்டுப்பணியா? 'ஆஃப்செட்'டுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நிறுவன அறிக்கைகளுக்கான சொற்பட்டியலில் 'பயோடைவர்சிட்டி ஆஃப்செட்', அதாவது ஓரிடத்தில் இயற்கைக்குச் செய்த சேதத்துக்கு வேறிடத்தில் செய்யும் பதில் வேலை, இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. இப்போதைக்கு அதற்கு நேராக 'பல்லுயிர் ஈடு' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன், நீங்கள் எழுதியவற்றுக்கு மறுமொழியும் இதிலேயே.

> பாடநூலிலும் செய்தித்தாளிலும் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்றுதான் வருகிறது. முதலில் அதைத் திருத்த வேண்டாமா?

பெருக்கம் என்றால் கூடுவது. எலி பெருகினாலும் பெருக்கம்தான். இலங்கை நண்பர்கள் எழுதும் 'உயிர்ப்பல்வகைமை' பொருளில் சுத்தம், ஆனால் அதை வைத்துக் கூட்டுச்சொல் கட்டினால் வரி முழுக்க அதுவே ஓடும். 'பல்லுயிர்' போதும். சரி, மேலே போவோம்.

ஆஃப்செட் என்பது சேதத்தைக் கையாளும் படிகளின் வரிசையில் கடைசியாக வருவது. தவிர்த்தல், குறைத்தல், மீட்டமைத்தல் எல்லாம் செய்தும் மிஞ்சி நிற்கிற பாதிப்புக்கு, வேறோர் இடத்தில் செய்யும் பாதுகாப்பு வேலை. நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கைக்கு உலக அளவில் தரநிலை வகுக்கும் ஜிஆர்ஐ அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட பல்லுயிர்த் தரநிலையும் (ஜிஆர்ஐ 101) ஒவ்வொரு படியிலும் நிறுவனம் என்ன செய்தது என்று கேட்கிறது. நேராகக் கடைசிப் படிக்குத் தாவியவர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வியின் வேலை. தமிழ்ச் சொல் அவரைத் தப்பவிடக் கூடாது.

'ஈடு' தப்பவிடுகிறது. 'அவருக்கு ஈடு இணை இல்லை' என்கிறோமே, அங்கே ஈடு என்றால் சமம். 'நிறுவனம் பல்லுயிர் ஈடு செய்தது' என்று எழுதிய உடனே கணக்கு நேராகிவிட்டதாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார். நட்டது பிழைத்ததா என்று கேட்கவே தோன்றாது. பெரிய நிகோபார் தீவில் துறைமுகமும் நகரமும் கட்டும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுக்கிறார்கள்; அதற்குப் பதிலாகக் காடு வளர்க்க ஹரியானாவைக் காட்டினார்கள். அந்தத் தீவின் கலாத்தியா விரிகுடாவுக்கு முட்டையிட வரும் லெதர்பேக் ஆமைக்கும், இலைதழையும் மண்ணும் குவித்து அதற்குள் முட்டை வைக்கும் நிகோபார் மெகாபோடு பறவைக்கும் ஹரியானாவில் என்ன வேலை? இதற்கும் நாம் 'ஈடு' என்று எழுதினால், முத்திரை குத்திக் கொடுத்தவர்கள் நாமாகிவிடுவோம்.

> 'இழப்பீடு' என்றே வைக்கலாமே ஐயா, சட்டத்தில் ஏற்கனவே புழங்குகிறதே.

இழப்பீடு என்றால் ஊரில் பணம் என்று பொருள். நிலம் எடுத்தால் கொடுப்பது, பேருந்து மோதினால் கொடுப்பது. காட்டுநிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி காடு வளர்ப்பு நிதியில் கட்டும் தொகைக்கு அது பொருந்தும், அங்கே வைத்துக்கொள்வோம். ஆஃப்செட்டில் கேட்பது அளந்து காட்டக்கூடிய பலன்.

> 'கைம்மாறு' எப்படி?

அக்கா, அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் கைம்மாறு உதவி செய்தவருக்குச் செய்வது. சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மூடிவிட்டு, 'இயற்கைக்கு எங்கள் கைம்மாறு' என்று வழவழத் தாளில் அச்சடித்துவிடுவார்கள். விளம்பரத் துறைக்கு நாமே எடுத்துக் கொடுத்ததாகும்.

என் பரிந்துரை இரண்டு சொற்கள். மிஞ்சி நிற்கும் பாதிப்புக்கு 'எஞ்சிழப்பு'. வினைத்தொகை, எஞ்சிய, எஞ்சுகிற, எஞ்சும் இழப்பு என்று முக்காலத்துக்கும் விரியும். ஆலை மூடிய பிறகும் ஏரியில் மீன் குறைந்துகொண்டே போகலாம் இல்லையா, அதையும் இந்தச் சொல் தாங்கும். ஆஃப்செட்டுக்கு 'ஈட்டுப்பணி'. பணி என்று சொல்லிவிட்டால் அது தொடங்கியதா, நடக்கிறதா, பாதியில் விட்டதா என்று அடுத்த கேள்வி வந்தே தீரும். இங்கிலாந்தில், கட்டுமானத் திட்டங்கள் முன்பிருந்ததைவிடப் பல்லுயிரை 10% கூட்டிக் காட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கட்டாயமான 'பல்லுயிர் நிகர ஆதாய' விதியில், அதற்காக உருவாக்கிய வாழிடத்தை 30 ஆண்டு பராமரிக்க வேண்டும். அவ்வளவு காலம் இழுக்கும் வேலையை முதல் ஆண்டு அறிக்கையிலேயே 'ஈடு' என்று எப்படி எழுதுவது?

> யார் படிக்கப் போகிறார்கள்? செபிக்கு ஆங்கிலத்தில் கொடுத்தால் முடிந்தது.

தணிக்கை நண்பர் கேட்டது நியாயம். சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் நிலைத்தன்மை அறிக்கை கட்டாயம். சுற்றுச்சூழல் பற்றிய அதன் ஆறாம் கோட்பாட்டில், சரணாலயம், சதுப்பு நிலம் போன்ற இடங்களின் அருகே செயல்பாடு உண்டா என்பது கட்டாயக் கேள்வி. அங்கே பல்லுயிருக்கு என்ன ஆயிற்று என்பதோ விருப்பக் கேள்வி! வெளியாள் சரிபார்க்க வேண்டிய முக்கியக் கூறுகள் ஒன்பதிலும் பல்லுயிர் இல்லை. நான் மொழிபெயர்க்க வாங்கிய ஓர் அறிக்கையில், ஆலைச் சுவரை ஒட்டி ஏரி இருந்தும், அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்றுதான் இருந்தது.

ஆகவே சரிபார்க்கக் கூடியவர் அந்த ஏரிக்கரை ஊர்க்காரர்தான். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். எத்தனை ஊரில் உயிரோடு இருக்கிறது என்பது வேறு கதை. ஆனாலும் 'எஞ்சிழப்பு: இல்லை' என்று தமிழில் ஒரு வரி வந்தால், நத்தைகுத்தி நாரை வரத்து நின்றுபோனதைப் பதிவேட்டைக் காட்டிக் கேட்க கிராம சபையில் ஆள் எழுந்திருப்பார்.

பட்டியலில் எடுத்துக்காட்டு வாக்கியம் தரும்போது 'மரங்கள் அப்புறப்படுத்தப்பட்டன' வேண்டாம். 'நிறுவனம் இத்தனை ஹெக்டேர் புதர்க்காட்டை அழித்தது, எஞ்சிழப்பு இவ்வளவு, ஈட்டுப்பணி இரண்டாம் ஆண்டில் நிற்கிறது' என்று எழுவாயோடு கொடுப்போம்.

ஓர் உறுத்தல் எனக்கே உண்டு. ஒற்று இருந்தால் ஈடு + பணி. ஒற்று விழுந்து 'ஈட்டுபணி' ஆனால் பணம் ஈட்டும் பணி என்று வினைத்தொகையாகிவிடும். அச்சகங்களில் ஒற்று படும் பாடு தெரிந்ததே. 'ஈடுசெய்பணி' என்றால் அந்த ஆபத்து இல்லை, கொஞ்சம் நீளம். இலக்கணம் அறிந்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.