புதுப்பிப்பு: சுக்கினி நூடுல்ஸ் இப்போது தண்ணீர் விடுவதில்லை

போன வாரம் வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் சுக்கினிக் காயை நூடுல்ஸ் போலச் சுருள் சுருளாகச் சீவி மசாலா போட்டு வதக்கியதில் வாணலி முழுக்கத் தண்ணீராகி, கடைசியில் கூட்டு மாதிரி வந்தது என்று எழுதியிருந்தேன். உப்புப் போட்டுப் பிழியச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி, அதுதான் சரி.

இரண்டு சுக்கினிக்கு அரை டீஸ்பூன் உப்பு பிசறி 20 நிமிடம் வடிகட்டியில் வைத்தேன். அப்புறம் மெல்லிய துணியில் சுற்றிப் பிழிந்தால் அரை டம்ளருக்குக் கிட்டத் தண்ணீர்! அந்தக் காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தானே, உப்பு அதை வெளியே இழுத்துவிடுகிறது. நடுவில் இருக்கும் விதைப் பகுதியையும் சேர்க்கவில்லை, குழைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு தவறு மசாலாவில். முன்பு காய்க்கு மேல் தூவினேன், மஞ்சள்தூளின் பச்சை வாசனை போகவே இல்லை. இந்த முறை எண்ணெயில் கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம் வதங்கியதும் தீயைக் குறைத்து மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, மஞ்சள் எல்லாம் பொடியாகப் போட்டு, வாசனை மாறி எண்ணெய் நிறம் பிடித்த பிறகே காயைச் சேர்த்தேன். கேரட் சுருள் முதலில், மூன்று நிமிடம் கழித்து சுக்கினி, தீ முழுசாக, இரண்டே நிமிடம். இரும்பு வாணலியாக இருந்தால் நல்லது. நிறைய இருந்தால் பாதிப் பாதியாக வதக்குங்கள், குவித்துப் போட்டால் ஆவியிலேயே வெந்துவிடும்.

தனியாக உப்பு போடவில்லை, பிசறியதே போதுமாக இருந்தது. எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகுதான். அடுத்து பீட்ரூட்டில் செய்து பார்க்கிறேன்.